மார்ச் 3-க்குச் சிவப்பு வட்டம்

போன ஞாயிறு காலை ஊரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். பெரியநாயக்கன்பாளையத்துப் பையன். 2022 ஏப்ரலில் கனடாவுக்கு வந்து இறங்கியதும் பிராம்ப்டனில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஆறு மாதம் தங்கியிருந்தவன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊருக்குப் போனான், இன்னும் திரும்பவில்லை. அம்மாவின் உடல்நிலை, பிசியோதெரபி, ஊரில் மழை என்று பேசிவிட்டு, "பி.ஆர். கார்டு 2027 வரைக்கும் இருக்குதுங்க அண்ணா, அதனால் அவசரம் ஒன்றும் இல்லை" என்றான். பி.ஆர். என்பது கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை.

எனக்குத் திக்கென்றது. "கடைசியாக எந்தத் தேதியில் கனடாவை விட்டுக் கிளம்பினாய்?" என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. பழைய டிக்கெட்டைத் தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். அவன் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மேல் அலமாரியிலிருந்து என் பழைய நோட்டை இறக்கினேன். இரண்டாண்டுகளாகத் தொடாத நோட்டு. அதைப் பிரித்தபிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார்டில் அச்சிட்டிருக்கும் தேதி கார்டுக்கு மட்டும் உரியது. கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடாது. அதேபோல, கார்டு செல்லுபடியாக இருக்கிறது என்பதால் பி.ஆர். பத்திரமாக இருக்கிறது என்றும் பொருள் இல்லை. இந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு 2020-இல்தான் உறைத்தது. அப்போது என் கையில் இருந்த கார்டில் 2024 என்று போட்டிருந்தது.

கனடாவின் விதி சொல்வதற்குச் சின்னது. 2002 ஜூன் 28-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு: ஒவ்வோர் ஐந்தாண்டுக் காலத்திலும் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாட்களாகவே சேரும். எங்கள் பட்டறையில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் எண்பதுகளிலேயே வந்தவர். அவர் காலத்துச் சட்டம் இன்னும் இறுக்கமானது. ஓர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் வெளியே இருந்தால் இந்த நாட்டைக் கைவிட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்களாம். "இப்ப உங்களுக்கு ஐந்தில் மூன்று வருசம் வெளியில இருக்க விடுகினம், தம்பி" என்பார். அது உண்மைதான். தாராளமான விதி. அந்தத் தாராளத்தை நம்பித்தான் பலரும் எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டிருந்தேன்.

எந்த ஐந்தாண்டு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பி.ஆர். கிடைத்த முதல் ஐந்தாண்டுகளுக்குக் குழப்பம் இல்லை. இறங்கிய தேதியிலிருந்து ஐந்தாண்டு முடிவதற்குள் 730 சேருமா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு, அதிகாரி உங்களை எந்த நாளில் பரிசோதிக்கிறாரோ அந்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்தாண்டு. ஒரு நீண்ட நாட்காட்டியின்மேல் ஐந்தாண்டு அகலத்துக்கு மரச்சட்டம் ஒன்றை வைத்து, தினமும் ஒரு கட்டம் முன்னால் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் இன்றைய நாள் உள்ளே வருகிறது. பின்பக்கம் ஐந்தாண்டுக்கு முந்தைய ஒரு நாள் வெளியே விழுகிறது. அப்படி விழும் நாள் நீங்கள் கனடாவில் இருந்த நாளாக இருந்து, உள்ளே வரும் நாள் கோயம்புத்தூரில் கழிந்த நாளாக இருந்தால், கணக்கில் ஒன்று குறைகிறது. மறுநாள் இன்னொன்று. "நான்தான் நாலு வருஷம் அங்கேயே இருந்தேனே" என்று சொல்லிப் பயன் இல்லை. அந்த நாலு வருஷமும் பின்வாசல் வழியாக ஒவ்வொரு நாளாகப் போய்க்கொண்டிருக்கும்.

நான் 2014 மார்ச் 2-இல் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் டொராண்டோவில் இறங்கினேன். சி.என்.சி. லேத் ஓட்டுவது தொழில். 2018 ஜனவரி 10 வரை, ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போன 26 நாட்களைக் கழித்தால், 1385 நாட்கள் இங்கே இருந்தேன். 730-ஐப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜனவரி 10 இரவு விமானம் ஏறும்போது என் மனத்தில் அந்த எண்ணே இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தங்கை ஃபோனில் சொன்னது மட்டும்தான் இருந்தது.

அப்பா கோயம்புத்தூர் செல்வபுரத்தில் தனியாக இருந்தார். அம்மா 2012-லேயே போய்விட்டார். தங்கை கோபிசெட்டிபாளையத்தில், மாமியார் மாமனார், இரண்டு பிள்ளைகள், கறவை மாடுகள் என்று நகர முடியாத குடும்பத்தில் இருந்தாள். டயாலிசிஸ் வாரம் மூன்று நாள்: செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். இடது கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த வழி, போட்டிருந்தார்கள். அந்தக் கையில் யாரும் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ கூடாது. அதைப் புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸிடமும் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லவேண்டும். கூலிக்கு ஆள் வைத்தோம், இரண்டு பேர் மூன்று மாதங்களுக்குள் நின்றுவிட்டார்கள். ஆறு வாரத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி வந்தவன் அங்கேயே இருந்துவிட்டேன். கணபதியில் நண்பனின் பட்டறையில் திங்கள், புதன், வெள்ளி வேலை பார்த்தேன்.

அப்பாவைக் கனடாவுக்குக் கூட்டி வந்திருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் எழுபத்து நான்கு வயதுக்காரருக்கு, அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அப்பாவும் வருவதாக இல்லை. அவர் சிறுவாணித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைத் தண்ணீர் என்று ஒப்புக்கொள்ளாதவர். அந்த மனிதருக்குத்தான் டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று அளவு வைத்தார். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்.

அதற்காகத்தான் அந்த நோட்டை வாங்கினேன். நூறு பக்க நோட்டு, கோடு போட்டது. அப்பா குடித்த ஒவ்வொன்றையும் மில்லியில் எழுதுவேன். காலைக் காப்பி 80. பத்து மணி மாத்திரைக்கு 40. மதிய ரசம் 60. ராத்திரி கூட்டினால் 900, 950, சில நாள் 1100. மில்லில் ஃபிட்டராக இருந்தவர் என்பதால் அளவு என்றால் அப்பாவுக்கு மரியாதை உண்டு. என்றாவது கூடிப்போனால் அவரே, "இன்றைக்கு நூறு மில்லி தாண்டிவிட்டது கண்ணு, எழுதிக்கொள்" என்பார்.

2018 ஜூனில் 21 நாட்கள் பிராம்ப்டனுக்கு வந்து போனேன். 2019 ஜூன், ஜூலையில் 30 நாட்கள். அந்த முப்பது நாட்களில் கார்டு புதுப்பிக்க 50 டாலர் கட்டி விண்ணப்பம் போட்டேன். அப்போது பின்னோக்கிய ஐந்தாண்டில் ஆயிரத்துக்கும் மேல் நாட்கள் இருந்ததால் கேள்வியே இல்லாமல் கார்டு வந்தது. டிசம்பர் விடுமுறைக்கு மனைவியும் மகளும் ஊருக்கு வந்தபோது கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2024 வரை. அதைப் பர்ஸில் செருகிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஊரில் அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருக்கும் உறவினர் ஒருவர், "ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் முகம் காட்டிவிட்டு வந்தால் போதும்" என்று சொன்னார். அது அவர் நாட்டுப் பேச்சு. கனடாவில் முகம் காட்டுவதற்குத் தனி மதிப்பெண் கிடையாது, இருந்த நாட்களுக்குத்தான். அதை அன்று நான் சரிபார்க்கவில்லை.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. 22-ஆம் தேதியோடு சர்வதேச விமானங்கள் நின்றன, 25-இலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஜூனில் வருவதாக இருந்த பயணம் போயிற்று. ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஆளில்லாத உக்கடம் சாலையில் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதங்களில் ஓர் இரவு மனைவி ஃபோனில் கேட்டாள். "ஏனுங்க, நீங்கள் இங்கே இருந்த நாட்களை என்றைக்காவது எண்ணிப் பார்த்தீர்களா?" அவள் 2019-லேயே குடியுரிமைப் பிரமாணம் எடுத்துவிட்டாள். அவளோடு சேர்ந்து வெளிநாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்கள் எனக்குக் கணக்கில் வந்திருக்கும், ஏனென்றால் குடிமகளான மனைவியுடன் வெளியே வசிக்கும் நாட்களைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அவள் பிராம்ப்டனில் வேலையில் இருந்தாள், மகள் அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் தனியாக இருந்தேன்.

அவளோடு சேர்ந்து நானும் குடியுரிமைக்குப் போட்டிருக்கலாம். 2017 அக்டோபர் 11 முதல் ஐந்தாண்டில் 1095 நாட்கள் போதும் என்று மாற்றினார்கள். அன்றைக்கே என்னிடம் அதைவிட அதிகமாக இருந்தது. தொண்டாமுத்தூரில் இருக்கும் இரண்டு ஏக்கர் தோட்டம் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்தால் எனக்கு வராமல் போய்விடும் என்று அப்பா பயந்தார். நானும் நம்பினேன். அந்நியக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விவசாய நிலத்தை வாங்கத்தான் முடியாது, அப்பா வழியில் வாரிசாகப் பெறத் தடை இல்லை. இதை ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அதே பயத்தில் இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

அன்று இரவு அப்பாவின் தண்ணீர்க் கணக்குக்கு இடதுபக்கம் கோடு போட்டு இன்னொரு பத்தி சேர்த்தேன். அந்தந்த நாளில் விமானத்தை விட்டு இறங்கினால் பின்னோக்கிய ஐந்தாண்டில் எத்தனை நாள் இருக்கும் என்ற எண். ஆரம்பத்தில் அது தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு நாளும் ஒன்று குறைந்தது. கடைசி நாள் எது என்று முன்னால் எண்ணிப் பார்த்தேன். 2021 மார்ச் 3, புதன்கிழமை. அன்று இறங்கினால் சரியாக 730. மறுநாள் 729. நாட்காட்டியில் அந்தத் தேதிக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

பிப்ரவரி 26-க்கு டெல்லி வழியாக டிக்கெட் எடுத்தேன். தங்கை பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பிப்ரவரி இரண்டாவது வாரம் அப்பாவுக்கு ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்தது. கழுத்தில் தற்காலிகக் குழாய் வைத்துத்தான் டயாலிசிஸ். காய்ச்சல் வந்தது, இறங்கியது, மறுபடி வந்தது. இரவில் குழாய் நகராமல் கையைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பிப்ரவரி 24 மாலை நான் டிக்கெட்டை ரத்து செய்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. மார்ச் 2, செவ்வாய், டயாலிசிஸ் முடிந்து படுத்திருக்கும்போது கேட்டார். "நாளைக்குத்தானே அந்தச் சிவப்பு வட்டம்?"

"அது ஒன்றும் இல்லைங்கப்பா" என்றேன்.

"முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன் கண்ணு நான். தேதிக்கு வட்டம் போட்டால் என்ன என்று எனக்குத் தெரியாதா? நீ போயிருக்க வேண்டும்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் புதன்கிழமை. காலைக் காப்பி 80. மாத்திரைக்கு 40. மதியம் ரசம் வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம் ஒரு வாய் சிறுவாணித் தண்ணீர் கேட்டார், நான் அளக்கவில்லை. இடதுபக்கம் 730 என்று எழுதினேன். வியாழன் 729. வெள்ளி 728. அடுத்த புதன், மார்ச் 10 இரவு, விடிந்தால் டயாலிசிஸ் என்றிருந்த நேரத்தில் போய்விட்டார்.

காரியங்கள் முடித்து, மாநகராட்சியில் இறப்புச் சான்றிதழ் வாங்கி, வீட்டைப் பூட்டி, மறுபடி டிக்கெட் எடுப்பதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. இந்த இடைவெளியில் ஊரில் குடிவரவு ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். நாற்பது நாட்கள் குறைகிறது என்றதும் சிரித்துக்கொண்டே, கனடாவில் தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் என்னைக் கோயம்புத்தூரில் முழுநேர வேலைக்கு வைத்திருந்ததாக 2018-இலிருந்து சம்பளச் சீட்டு தரும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார். கனேடிய நிறுவனம் வெளிநாட்டுக்கு அனுப்பி முழுநேரம் வேலை செய்யும் நாட்கள் கணக்கில் சேரும் என்பது உண்மை. இந்தக் கணக்கைக் காட்டுவதற்கென்றே நடத்தப்படும் நிறுவனம் செல்லாது என்பதும் அதே விதியில் எழுதியிருக்கிறது. பொய் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்தாண்டு நுழையத் தடை. எழுந்து வந்துவிட்டேன். அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களை வேறு எங்கோ வேலை பார்த்த நாட்கள் என்று எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கனடாவுக்கு வெளியே கழிந்த நாட்களை எண்ணிக் காட்டுவது என் நோட்டு மட்டும் இல்லை. 2020-லிருந்து விமானத்தில் வெளியேறுபவர்களின் விவரமும் கனடா எல்லைத் துறைக்குப் போய்விடுகிறது.

ஏப்ரல் 13, 2021. டொராண்டோவின் பியர்சன் விமான நிலையம். முதல் கவுன்டரில் கடைசியாக எப்போது கனடாவில் இருந்தீர்கள் என்று கேட்டார்கள். 2019 ஜூலை 19 என்றேன். பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். முகக்கவசத்தோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. ஐந்தாண்டில் எத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"689. 41 நாட்கள் குறைகிறது."

அவர் திரையைப் பார்த்துத் தானும் கூட்டினார். அவருக்கும் 689 வந்தது. ஏன் என்று கேட்டார். கோப்பை எடுத்து வைத்தேன்: டயாலிசிஸ் அட்டைகள் மூன்றாண்டுக்கு, ஃபிஸ்டுலா அடைத்த பிப்ரவரி மாத டிஸ்சார்ஜ் சம்மரி, 24-ஆம் தேதி ரத்து செய்த டிக்கெட், இறப்புச் சான்றிதழ், பிராம்ப்டன் வீட்டு வாடகை ஒப்பந்தம், மகளின் பள்ளிக் கடிதம். கடைசியாக நோட்டு. இடதுபக்கத்து எண்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வலதுபக்கத்தில் விரலை வைத்து, இந்த எண்கள் என்ன என்று கேட்டார்.

"அப்பா அன்றன்றைக்குக் குடித்த தண்ணீர். மில்லியில்."

அவர் பக்கங்களைத் திருப்பினார். மார்ச் 10-இல் வலதுபக்கம் நின்றுவிடுகிறது. இடதுபக்கம் மட்டும் ஏப்ரல் வரை இறங்கிக்கொண்டே வருகிறது. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

மனிதாபிமானக் காரணங்களைப் பரிசீலிக்க அதே 28-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எத்தனை நாள் குறைகிறது, ஏன் போனீர்கள், ஏன் தங்கினீர்கள், முடிந்த முதல் வாய்ப்பிலேயே திரும்பினீர்களா, இங்கே யார் இருக்கிறார்கள், குழந்தையின் நலன் என்ன என்று பார்ப்பார்கள். காரணம் போதாது என்று அந்த அதிகாரி நினைத்திருந்தால் அறிக்கை எழுதியிருப்பார், வெளியேற்ற உத்தரவு வந்திருக்கும். அப்போதும் 30 நாட்களுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இறுதித் தீர்ப்பு வரும்வரை பி.ஆர். பி.ஆர்.தான். நாள் குறைந்த மறுநிமிடமே தானாகப் போய்விடுவதில்லை. இந்த ஒன்று தெரியாமல், இனி எப்படியும் போயிற்று என்று ஊரிலேயே இருந்துவிட்ட இரண்டு குடும்பங்கள் எனக்குத் தெரியும். கார்டு காலாவதியாகி வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயண ஆவணம் என்று தனியாக உண்டு. அதை மறுத்தாலும் மேல்முறையீட்டுக்கு 60 நாட்கள் இருக்கிறது. அந்த மேல்முறையீடு நடக்கும்போது, முந்தைய 365 நாட்களுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் இருந்திருந்தால் திரும்பி வர ஆவணம் கொடுத்தாக வேண்டும்.

என் விஷயத்தில் அறிக்கை எழுதவில்லை. தன் குறிப்பில் என்னவோ நீளமாகத் தட்டச்சு செய்தார். "உங்கள் அப்பாவுக்காக வருந்துகிறேன். இனி இங்கே இருங்கள்" என்றார். அன்றிலிருந்து மூன்று இரவு விமான நிலைய ஓட்டலில் தனிமைப்படுத்தல். மறுநாள் சித்திரை ஒன்று. மகள் வாசலில் வரைந்த கோலத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒன்பது நாட்கள் கழித்து இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்களைக் கனடா நிறுத்தியது, செப்டம்பர் வரை.

அதோடு முடிந்துவிடவில்லை. உள்ளே விட்டார்கள், ஆனால் நாட்கள் கூடிவிடவில்லை. இப்போது நாட்டைவிட்டு ஒரு வாரம் போய்விட்டு வந்தாலும் எல்லையில் மறுபடி பரிசோதனை, வேறோர் அதிகாரி, அவர் எப்படி நினைப்பாரோ தெரியாது. பாதுகாப்பான வழி ஒன்றுதான்: தொடர்ந்து இங்கேயே இருந்து புதிதாக 730 சேர்ப்பது. ஏப்ரல் 13-ஐ ஒன்று என்று வைத்தால் 2023 ஏப்ரல் 12-இல் 730. அதுவரை போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவுக்குக் கொடுத்த விலைகளில் பெரியது 2022 ஆவணியில் வந்தது. தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணச் சீர் எதுவும் நகராது. பட்டுப்புடவை, மாலை, சீர்த் தட்டுகள் எல்லாம் அவன் கையால்தான் போகவேண்டும். கைக்குழந்தையாக அவள் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். தங்கை ஃபோனில் அழவில்லை. "அப்பாவுக்காக அண்ணன் இருந்த நாட்கள்தானே இப்போது குறைகிறது, அதை நான் கேட்பேனா?" என்றாள். அது அழுகையைவிடக் கனமாக இருந்தது. பெரியப்பா மகன் என் இடத்தில் நின்றான். ஊரில் அதிகாலை முகூர்த்தம், எங்களுக்கு முந்தைய நாள் இரவு ஒன்பது மணி. பிராம்ப்டன் வீட்டுக் கூடத்தில் மனைவி, மகள், நான், கீழ்த்தளத்திலிருந்து ஏறிவந்த இந்தத் தம்பி எல்லோரும் கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாலி கட்டும் நேரத்தில் எழுந்து நின்று தட்டிலிருந்த அட்சதையை எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியாமல் மகளின் தலையில் போட்டேன்.

2023 ஏப்ரல் 12 கடந்தபிறகும் சில வாரங்கள் கூடுதலாக இருந்தேன். ஒரு மைக்ரானுக்கும் இடம் விட்டுத்தான் கடைசல் பிடிப்போம், நாளுக்கும் அப்படியே. மே மாதம் கோயம்புத்தூர் போனேன். பேரூரில் நொய்யல் படித்துறையில் அப்பாவுக்குத் திதி கொடுத்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. வாங்கிக்கொண்டு போன செம்பில் சிறுவாணித் தண்ணீர் இருந்தது, அளக்காமல் முழுவதும் ஊற்றினேன். மருமகளையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து, கொடுக்கவேண்டிய சீரைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பியர்சனில் யாரும் எதுவும் கேட்கவில்லை. 2024-இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்.

இதை எழுதி இந்த இடத்துக்கு வரும்போது தம்பி கூப்பிட்டுவிட்டான். டிக்கெட் கிடைத்துவிட்டது. இறங்கியது 2022 ஏப்ரல் 11. கிளம்பியது 2023 டிசம்பர் 3. நடுவில் எங்கும் போகவில்லை. கூட்டினேன்: 602. அவனுக்கு இது முதல் ஐந்தாண்டு, 2027 ஏப்ரல் 10-ஓடு முடிகிறது. இன்னும் 128 வேண்டும். பின்னாலிருந்து எண்ணினேன். ஏப்ரலில் 10, மார்ச்சில் 31, பிப்ரவரியில் 28, ஜனவரியில் 31. மீதி 28.

"கேட்டுக்கொள்" என்றேன். "நீ 2026 டிசம்பர் 4-க்குள் இங்கே இறங்கவேண்டும். அதைவிட முன்னால் வந்தால் இன்னும் நல்லது. 2027 இல்லை."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் அவன் அம்மாவுக்கு யாரோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. "அம்மா அதற்குள் எழுந்து நடந்துவிடுமாங்க அண்ணா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூட வீசாமல் தேதி வாரியாகக் கோப்பில் போட்டுவைக்கச் சொன்னேன். சிவப்புப் பேனா வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.